காட்டை நடந்து கண்டவர் – மா. கிருஷ்ணன்

நுழையுமுன்

திருவனந்தபுரத்தின் தென்புறத்தே வெள்ளாயணி என்னும் நன்னீர் ஏரி உள்ளது. அதனை அடுத்துள்ள புஞ்சக்கரி வயல்வெளியில், விடுமுறை நாள் காலைகளில், புகைப்படக் கருவிகளைத் தோளில் தாங்கிய பலரைக் காணலாம். நீலத் தாழைக்கோழியையும் இலைக்கோழியையும் மீன்கொத்தியையும் படம் எடுக்க வருவோர் அவர்கள். அவர்களுள் பெரும்பாலோர்க்கு அது தொழில் அன்று. ஆசிரியராகவோ, மருத்துவராகவோ, அலுவலராகவோ பணியாற்றிக்கொண்டு, ஆர்வத்தின் பொருட்டு மட்டுமே கருவியைத் தூக்குகிறார்கள். இத்தகைய பொழுதுபோக்கு இந்தியாவில் பரவுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தனி ஒருவராகக் காடுகளில் நடந்து விலங்குகளையும் பறவைகளையும் படம் எடுத்த தமிழர் ஒருவர் இருந்தார். எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் அவர் அக்கலையைக் கற்றாரல்லர். அவரே மா. கிருஷ்ணன். அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

தமிழ் வளர்த்த இல்லம்

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு சூன் திங்கள் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். அவருடைய தந்தையார் அ. மாதவையா. தமிழ் நாவல் இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவர்; பத்மாவதி சரித்திரம் என்னும் நாவலின் ஆசிரியர். உப்பு மற்றும் ஆயத்தீர்வைத் துறையில் அரசுப் பணியாற்றிய மாதவையா, பிற்காலத்தில் சென்னை மயிலாப்பூரில் தம் சொந்த ஊரின் பெயரால் பெருங்குளம் இல்லம் என்னும் வீட்டை அமைத்தார். எட்டு மக்களுள் கடைசிப் பிள்ளையாகிய கிருஷ்ணன் அவ்வீட்டில் வளர்ந்தார்.

மாதவையாவின் முடிவு தமிழ் கற்கும் மாணவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய செய்தியாகும். 1925ஆம் ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப்பேரவைக் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்திப் பேசினார். பேசி முடித்த சிறிது நேரத்தில் அங்கேயே உயிர் துறந்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. தந்தையை இழந்த சிறுவனை மூத்த உடன்பிறந்தோர் பேணி வளர்த்தனர். தந்தையார் விட்டுச் சென்ற தமிழ்ப் பற்றும் ஆங்கிலப் புலமையும் மகனிடம் ஒருசேரக் குடிகொண்டன.

அக்கால மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூரைப் போன்றதன்று. வீடுகளுக்கு இடையே புதர்க்காடுகள் இருந்தன. குளங்களும் தோப்புகளும் இருந்தன. அணிலும் ஓணானும் கீரியும் வீட்டு முற்றத்துக்கே வந்தன. மாமரத்தில் குயில் கூவியது. வேலியில் செம்போத்து நடந்தது. சிறுவன் கிருஷ்ணனுக்கு அவையே முதற்பாடங்களாயின. பின்னாளில் யானையையும் புலியையும் தேடிச் சென்றபோதும், கொல்லைப்புறத்துக் காக்கையையும் மைனாவையும் அவர் ஒருபோதும் சிறியனவாகக் கருதவில்லை.

கல்லூரியும் மலைகளும்

கிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து தாவரவியல் பயின்றார். அங்குப் பேராசிரியராக இருந்தவர் பி. எஃப். ஃபைசன். நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களை ஆராய்ந்து நூல் எழுதியவர் அவர். அவருடன் மலைகளுக்குச் செல்லும் வாய்ப்பு கிருஷ்ணனுக்குக் கிடைத்தது. ஒரு செடியை அதன் இலை, பூ, காய் ஆகியவற்றால் அடையாளம் காண்பதோடு நின்றுவிடாமல், அது எந்த மண்ணில், எந்த மரத்தின் நிழலில், எந்தப் பருவத்தில் வளர்கிறது என்றும் நோக்கும் பழக்கம் அவரிடம் அங்கே வேரூன்றியது.

தேர்வுகளில் அவர் சிறந்த மதிப்பெண் பெற்றவர் அல்லர். பின்னர்ச் சட்டமும் பயின்று பட்டம் பெற்றார். ஆயினும் வழக்கறிஞர் தொழிலில் அவர் மனம் செல்லவில்லை. அந்நாளில் காட்டுயிர்களை நோக்குவதற்கென ஊதியம் தரும் வேலை ஏதும் இல்லை. ஆகவே சிறு சிறு பணிகளைச் செய்துகொண்டும், இதழ்களுக்கு எழுதியும் ஓவியம் வரைந்தும் வாழ்க்கையை நடத்தினார். 1937ஆம் ஆண்டு இந்துமதி என்னும் பெண்மணியை மணந்தார்.

சண்டூரில் எட்டாண்டுகள்

1942ஆம் ஆண்டு கிருஷ்ணனுக்குச் சண்டூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. இன்று அவ்வூர் கர்நாடக மாநிலத்தின் பெல்லாரிப் பகுதியில் உள்ளது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், அரசரின் செயலர் எனப் பல பொறுப்புகளை அவர் அங்கு ஏற்றார்.

சண்டூரைச் சுற்றிலும் குன்றுகளும் காடுகளும் இருந்தன. அலுவல் முடிந்ததும் அவர் அக்காடுகளில் நடந்தார். செய்தி கொண்டு செல்லும் புறாக்களை வளர்த்தார். ஆடு மேய்த்தும் பார்த்தார். ஆடு மேய்த்தலில் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. ஆயினும் மேய்ப்பவர் கண்ணால் நிலத்தைப் பார்க்கும் பயிற்சி கிட்டியது. நூல்களில் படித்தவற்றை அவர் காட்டில் கண்டவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் மாறுபடும் இடங்களில், கண்ணால் கண்டதையே குறித்துக்கொண்டார்.

துணிந்து எடுத்த முடிவு

நாடு விடுதலை பெற்றபின் சமஸ்தானங்கள் இந்திய ஒன்றியத்தில் இணைந்தன. சண்டூரும் இணைந்தது. கிருஷ்ணன் விரும்பியிருப்பின் அரசுப் பணியில் தொடர்ந்திருக்கலாம். மாத ஊதியம், வீடு, ஓய்வூதியம் ஆகியன கிடைத்திருக்கும். அவருக்கோ குடும்பப் பொறுப்பு இருந்தது. வயதும் முப்பத்தெட்டை நெருங்கியது. அந்நிலையில் அவர் எடுத்த முடிவு உறவினர்க்கும் நண்பர்க்கும் வியப்பளித்திருக்கும். அவர் எந்த வேலையிலும் சேரவில்லை. சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் ஓவியத்தையும் புகைப்படத்தையும் மட்டுமே நம்பி வாழத் தலைப்பட்டார்.

அம்முடிவினால் அவருக்குச் செல்வம் சேரவில்லை. வாழ்நாள் முழுவதும் எளிமையாகவே வாழ்ந்தார். ஆனால் எவருக்கும் கட்டுப்படாமல் காட்டுக்குச் செல்லவும், கண்டதைக் கண்டவாறே எழுதவும் உரிமை பெற்றார். அரசின் திட்டமாயினும் அறிஞரின் கருத்தாயினும், தவறென்று பட்டதைத் தவறென்று எழுத அவர் தயங்கியதில்லை. அதற்காக அவர் கொடுத்த விலை அந்த நிலையான ஊதியம்.

கையால் அமைத்த கருவி

இன்று கைப்பேசியில் ஒரு நொடியில் பத்துப் படங்கள் எடுக்கிறோம். பிடிக்காத படத்தை உடனே அழித்துவிடுகிறோம். கிருஷ்ணன் வாழ்ந்த காலத்தில் புகைப்படம் என்பது படச்சுருளில் பதிவாவது. ஒவ்வொரு பதிவுக்கும் பணம் செலவாகும். எடுத்த படம் நன்றாக வந்ததா இல்லையா என்பது, வீடு திரும்பி, இருட்டறையில் வேதிக் கரைசலில் படச்சுருளைக் கழுவிய பின்னரே தெரியும். பல நாள் காத்திருந்து எடுத்த படம் ஒளி குறைந்து வீணாவதும் உண்டு.

விலையுயர்ந்த கருவிகளை வாங்கக் கிருஷ்ணனிடம் வசதி இல்லை. எனவே ஒரு கருவியின் உடற்பகுதியையும், வேறொன்றின் தொலைவில்லையையும், பிற உறுப்புகளையும் தாமே இணைத்து ஒரு புகைப்படக் கருவியை உருவாக்கினார். மிகுந்த எடையுள்ள அதற்கு வேடிக்கையாகச் சூப்பர் பாண்டரோசா என்று பெயரிட்டார். பார்ப்பதற்கு விந்தையாக இருந்த அக்கருவியைக் கண்டு மற்ற இயற்கையியலாளர்கள் வியந்தனர். ஆனால் அதிலிருந்து வெளிவந்த படங்கள் அவர்களை மேலும் வியக்க வைத்தன. வண்ணப்படங்கள் பரவிய காலத்திலும் அவர் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். யானையின் தோல் மடிப்பையும், காட்டெருமையின் திமிலில் விழும் ஒளியையும், புல்லின் நுனியையும் அப்படங்கள் தெளிவாகக் காட்டின.

பொறுமையே முதற்கருவி

கருவியினும் மேலானது பொறுமை என்பதைக் கிருஷ்ணனின் முறை உணர்த்துகிறது. அவர் பெரும்பாலும் நடந்தே சென்றார். சில வேளைகளில் பழக்கப்பட்ட யானையின் முதுகில் ஏறிச் சென்றார். காட்டை அறிந்த பாகர்களையும் பழங்குடி மக்களையும் அவர் தம் ஆசிரியர்களாக மதித்தார்.

யானைக்குப் பார்வைக் கூர்மை குறைவு. மோப்பத் திறனோ மிகுதி. ஆகையால் காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்று அறியாமல் யானையை அணுகுதல் உயிருக்கே ஆபத்தாகும். மனிதனின் வாடை யானைக்குச் செல்லாதவாறு, காற்று தன் முகத்தில் வீசும் திசையில் நின்றே நெருங்க வேண்டும். தப்பிச் செல்லும் வழியையும் முன்னரே பார்த்து வைத்திருக்க வேண்டும். காட்டில் நடப்போர் அனைவரும் கற்க வேண்டிய இப்பாடம், பளு மிகுந்த கருவியைச் சுமந்து நடந்தவருக்கு இன்னும் இன்றியமையாததாக இருந்தது.

கிருஷ்ணனுக்கு விலங்கின் முகம் மட்டும் போதுமானதாக இல்லை. அது தன் இனத்தோடு எவ்வாறு பழகுகிறது, எதைத் தின்கிறது, ஆபத்தை எவ்வாறு உணர்கிறது என்பவற்றையே அவர் படத்தில் தேடினார். ஆகவே அவருடைய படங்களில் விலங்கு தனித்து நிற்பதில்லை. அதனைச் சூழ்ந்த மரமும் நீரும் நிலமும் உடன் நிற்கும். ஒரு படத்தைப் பார்ப்பவர், அவ்விலங்கு வாழும் காட்டையும் அறிந்துகொள்ளலாம்.

பறவைகளைப் படம் எடுப்போர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கூட்டை மிக நெருங்கினால் தாய்ப்பறவை அஞ்சிப் பறந்துவிடும். அவ்வேளையில் முட்டைகள் வெயிலில் காயலாம். காக்கையோ பாம்போ குஞ்சுகளைக் கவர்ந்து செல்லலாம். ஒரு நல்ல படத்திற்காக ஒரு கூடு அழியுமாயின், அப்படம் எடுக்கப்படாமல் இருப்பதே நன்று.

வேடந்தாங்கலும் பெரியாறும்

கிருஷ்ணன் விரும்பிச் சென்று எழுதிய இடங்களுள் ஒன்று வேடந்தாங்கல். செங்கற்பட்டுப் பகுதியில் உள்ள இவ்வேரியில் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் வக்காவும் கரண்டிவாயனும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. இப்பறவைகளைக் காத்தவர்கள் அவ்வூர் மக்களே. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயல்களுக்கு உரமாகும் என்பதை அவர்கள் முன்பே அறிந்திருந்தனர். அங்கு வேட்டையாடுவதைத் தடுக்க வேண்டும் என அவர்கள் வேண்ட, 1798ஆம் ஆண்டிலேயே அன்றைய ஆட்சியர் பிளேசு அவர்களுக்கு உரிமைச் சீட்டு வழங்கினார். படிப்பறிவில்லாத உழவர் என்று பிறர் கருதியோர், நாட்டில் பறவைக் காப்பகங்கள் தோன்றுமுன்பே ஒரு காப்பகத்தை நடத்தி வந்தனர்.

கேரளத்தின் பெரியாற்றுக் காடும் அவர் சென்ற காடுகளுள் ஒன்று. முல்லைப் பெரியாற்று அணை 1895ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டபோது, மலைகளுக்கு இடையே நீர் தேங்கிப் பெரிய ஏரி உருவாயிற்று. அதனைச் சூழ்ந்த காட்டைத் திருவிதாங்கூர் அரசு 1934ஆம் ஆண்டு விலங்குகளின் காப்பகமாக அறிவித்தது. திருவனந்தபுரத்தில் அமர்ந்து ஆட்சி செய்த அரசு எடுத்த முடிவினால், யானைக் கூட்டங்கள் நீரருந்த வரும் அக்கரைகள் இன்றும் பாதுகாப்பாக உள்ளன. முதுமலை, பந்திப்பூர், பெரியாறு எனத் தென்னாட்டுக் காடுகள் பலவற்றிலும் கிருஷ்ணன் யானைகளின் வாழ்வைத் தொடர்ந்து நோக்கினார்.

நாற்பத்தாறு ஆண்டு எழுத்து

1950ஆம் ஆண்டு கொல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் கிருஷ்ணன் ஒரு தொடர் பகுதியை எழுதத் தொடங்கினார். நாட்டுப்புறக் குறிப்பேடு என்று பொருள்படும் பெயருடைய அப்பகுதி இரு வாரங்களுக்கு ஒருமுறை வெளிவந்தது. அதற்குரிய படங்களையும் பெரும்பாலும் அவரே வரைந்தார் அல்லது எடுத்தார். ஒரு வாரம் யானை. மறு வாரம் பல்லி. பின்னொரு வாரம் மழைக்கால விட்டில். எளிய உயிர்களைப் பற்றியும் நகைச்சுவையோடும் நுட்பத்தோடும் எழுதினார். நாற்பத்தாறு ஆண்டுகள் அத்தொடர் நிற்கவில்லை.

1968ஆம் ஆண்டு ஜவகர்லால் நேரு ஆய்வு நல்கை அவருக்கு வழங்கப்பட்டது. அதன் துணையால் தென்னிந்தியத் தீபகற்பத்தின் பாலூட்டி விலங்குகளை விரிவாக ஆராய்ந்தார். அவ்வாய்வு நூல் 1975ஆம் ஆண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தால் வெளியிடப்பட்டது. இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துச் சிறப்பித்தது. இந்தியக் காட்டுயிர் வாரியத்திலும், 1973ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் அவர் உறுப்பினராக இருந்தார்.

அக்குழுக்களில் அவர் ஓங்கி ஒலித்த கருத்து ஒன்று உண்டு. காட்டுயிர் என்றால் விலங்கு மட்டும் அன்று. மரமும் செடியும் புல்லும் சேர்ந்ததே காட்டுயிர் என்பது அது. இந்நாட்டுக்கு உரிய மரங்களை வெட்டிவிட்டு அயல்நாட்டு மரங்களை நடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். சாலையோரத்தில் நிழல் தரும் ஆலும் வேம்பும் புங்கும் இருக்க, அழகுக்காக வேற்று மரங்களை ஏன் நாட வேண்டும் என்பது அவர் வாதம். தைல மரத் தோப்பு பச்சையாகத் தோன்றினும், அது நம் பறவைக்கும் விலங்குக்கும் காடாகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

தமிழுக்குச் செய்த தொண்டு

ஆங்கிலத்தில் புகழ்பெற்ற கிருஷ்ணன் தமிழிலும் எழுதினார். தமிழ்க் கலைக்களஞ்சியத்திற்கு விலங்குகளையும் பறவைகளையும் பற்றிய கட்டுரைகள் அளித்தார். இதழ்களில் அவர் எழுதிய தமிழ்க் கட்டுரைகள் பின்னர் நூல்களாகத் தொகுக்கப்பட்டன. மழைக்காலமும் குயிலோசையும் என்பது அவற்றுள் ஒன்று. கதிரேசச் செட்டியாரின் காதல் என்னும் துப்பறியும் நாவலையும் அவர் படைத்தார்.

ஓர் உயிருக்கு நம் மொழியில் பெயர் இல்லையெனில், அவ்வுயிரை நாம் நெடுநாள் நினைவில் வைப்பதில்லை. சங்கப் புலவர்கள் அன்றிலையும் மகன்றிலையும் வரையாட்டையும் அறிந்திருந்தனர். அப்பாடல்களில் ஆழ்ந்த பயிற்சி உடையவராகிய கிருஷ்ணன், மக்கள் வழக்கிலுள்ள பெயர்களையும் மதித்துப் பயன்படுத்தினார். கேரளத்தில் இதே பணியைச் செய்தவர் கே. கே. நீலகண்டன். ஆங்கிலப் பேராசிரியராகிய அவர், இந்துசூடன் என்னும் புனைபெயரில் கேரளத்துப் பறவைகளைப் பற்றி 1958ஆம் ஆண்டு மலையாளத்தில் நூல் எழுதினார். அந்நூலைப் படித்தே மலையாளிகள் பலர் பறவை நோக்கும் பழக்கத்தைக் கைக்கொண்டனர். தமிழில் செம்போத்து எனப்படும் பறவையை மலையாளிகள் உப்பன் என்பர். நாம் மைனா என்பதும் அவர்கள் மைனா என்பதும் ஒன்றே. இரு மொழியின் பெயரையும் அறிந்த மாணவர், ஒரே பறவையை இருமுறை அறிந்தவர் ஆவார்.

நிறைவு

முதுமையிலும் கிருஷ்ணனின் எழுதுகோல் ஓயவில்லை. 1996ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18ஆம் நாள் அவர் சென்னையில் இயற்கை எய்தினார். அவருடைய தொடரின் கடைசிக் கட்டுரை அதே நாளில் அச்சாகி வெளிவந்தது. அவர் நினைவாக, இயற்கை பற்றிச் சிறப்பாக எழுதும் இளையோர்க்குச் சென்னை இயற்கையியலாளர் சங்கம் விருது வழங்கி வருகிறது.

அவர் சிறுவனாகத் திரிந்த மயிலாப்பூர்ப் புதர்க்காடுகள் இன்று இல்லை. அவர் நடந்த காடுகள் சிலவும் சுருங்கிவிட்டன. அவர் எடுத்த படங்களும் எழுதிய குறிப்புகளும், அங்கு என்ன இருந்தது என்பதற்குச் சான்றாக நிற்கின்றன. அச்சான்று நம் கையில் உள்ளமையால், இனி எதை இழக்கக் கூடாது என்பதையும் நாம் அறிவோம்.

அருஞ்சொற்பொருள்

ஆட்சிப்பேரவை – பல்கலைக்கழகத்தின் உயர்குழு
சமஸ்தானம் – சிற்றரசு
தொலைவில்லை – தொலைவில் உள்ளதை அருகில் காட்டும் கண்ணாடி
பாகர் – யானையை நடத்துபவர்
நல்கை – உதவித்தொகை
எச்சம் – பறவையின் கழிவு

பயிற்சி

1. அ. மாதவையா தமிழுக்காகச் செய்த பணி யாது?
2. கிருஷ்ணன் அரசுப் பணியில் தொடராமையால் இழந்தவை எவை? பெற்றவை எவை?
3. யானையை அணுகுவோர் காற்றின் திசையை அறிய வேண்டுவது ஏன்?
4. வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைக் காத்தமைக்குரிய காரணத்தை எழுதுக.
5. பறவையின் கூட்டை நெருங்கிப் படம் எடுப்பது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
6. உம் வீட்டருகே காணும் ஐந்து பறவைகளின் பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் வீட்டுப் பெரியோரிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டறிந்து பட்டியலிடுக.